சந்தேகம் இருந்தால் N சொல்லவும்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதை எழுதிய மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. விண்டோஸ் மாதிரி இன்னொன்றான லினக்ஸின் கெர்னலை நாமே நம் மெஷினுக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளும்போது, இந்தச் சாதனத்துக்கு ஆதரவு வேண்டுமா, அந்தச் சாதனத்துக்கு வேண்டுமா என்று அது நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உதவிக் குறிப்பு உண்டு. அவற்றில் பல ஒரே மாதிரி முடியும்: சந்தேகம் இருந்தால் N சொல்லவும்.

பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணுகிற மென்பொருள். யூஎஸ்பி துளையில் நீங்கள் எதைச் செருகினாலும் "இது இன்னது" என்று சொல்ல வேண்டியது அதுதான். ஒரு சாதனத்துக்கு Y சொன்னால், அதைக் கெர்னலுக்குப் பிறவியிலேயே தெரியும். M சொன்னால், ஓரமாக வைத்திருந்து தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும். N சொன்னால் தெரியாது. கண்ணெதிரே செருகினாலும் தெரியாது. இதற்கு மேல் தொழில்நுட்பம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

இது என் கதை அல்ல. செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடையில் கேள்விப்பட்டது.

(மேலே உள்ள இரண்டு வாக்கியங்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

2

"அன்று பௌர்ணமி. மலைக்கு மேலே நிலவு —"

வேண்டாம். திருவண்ணாமலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எல்லோரும் நிலவை ஏற்றிவிடுகிறார்கள். என் கதையில் அந்த நாள் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து சாயங்காலம் நாலு மணிக்குள் முடிந்துவிடுகிறது.

"அருணாதேவியின் தனிமை ஒரு —"

ஒரு என்ன? எழுதிவிட்டு கால் மணி நேரம் அந்த "ஒரு"வையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தனியாக இருந்தாள், அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

"செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு பூஜா போன் செய்தாள்."

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

அருணாதேவிக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, சொந்த வீடு. கீழே கஸ்தூரி என்ற பெண் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறாள். மாடியில் இவள் மட்டும். பூஜா ஒரே மகள், பெங்களூருவில் இருக்கிறாள், வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது.

சண்டை என்று சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரையப் போகிறேன் என்று பூஜா சொன்னபோது, அருணாதேவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "படம் வரையறதெல்லாம் ஒரு வேலையா?" மகள் ஊருக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆனாலும் வரைந்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அருணாதேவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் போடுவாள். பாதி நாள் படத்தைத் திறக்காமலேயே போட்டுவிடுவாள்.

அந்தப் பூஜாதான் போனில்.

"ம்மா, என் லேப்டாப் போயிடுச்சு. பத்து நாளாவும்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரெண்டு படம் முடிச்சு அனுப்பணும். வீட்டு கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வியாழக்கிழமை வரேன். அதுல வேலை பாக்க முடிஞ்சா ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன். இல்லன்னா வேலூருக்குப் போயிடுவேன். அங்க என் ஃப்ரெண்ட் வள்ளி ரூம்ல சிஸ்டம் இருக்கு."

"வியாழக்கிழமை பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். ஆட்டோ கூட உள்ள வராது."

"நடந்து வரேன்."

ஒரு மாதம். கதையில் பணயம் அதுதான். ராஜ்யம், உயிர் என்று எதுவும் இல்லை. மாடி வீட்டில் ஒரு மாதத்துக்கு இன்னொரு ஆள் இருப்பாளா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

3

கெர்னலுக்குப் பட்டியல் போடுகிற மாதிரி நானும் கதைக்கு ஒரு பட்டியல் போட்டேன். பூஜா, Y. கஸ்தூரி, M, தேவைப்பட்டால் மாடிப்படியில் ஏறி வருவாள். அருணாதேவியின் கணவர், N. அவரைச் சேர்த்தால் கதை இழுத்துக்கொண்டே போகும் என்று தோன்றியது.

புதன்கிழமை அருணாதேவி கெர்னல் கட்ட உட்கார்ந்தாள். ஏற்கெனவே இருந்ததே போதும். ஆனால் மகள் வருகிறாள் என்றால் சிலர் ஒட்டடை அடிப்பார்கள், சிலர் அதிரசத்துக்கு மாவு இடிப்பார்கள். இவளுக்குத் தெரிந்தது இது. மெஷினுக்குப் பதினைந்து வயது. வேண்டாததையெல்லாம் கழித்துக்கட்டினால் கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுந்து நிற்கும். பூஜா வந்து ஸ்விட்சைப் போட்டதும் "ஏய், வேகமா இருக்கேம்மா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் காலையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யூஎஸ்பி கீபோர்டு, Y. மவுஸ், Y. பென் டிரைவ், Y. ஹெட்போன், Y, பூஜா பாட்டு கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வாள். கேமரா, Y, மீட்டிங் கீட்டிங் இருக்கும். பிரிண்டர், M. ஜாய்ஸ்டிக், N. அடுத்தது பென் டேப்லெட். சிலேட்டு மாதிரி இருக்கும். அதன்மேல் பேனாவால் வரைந்தால் திரையில் கோடு விழும். அதற்கு ஆதரவு வேண்டுமா?

N.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் இதை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதத்தில் அருணாதேவிக்கு அந்தக் கேள்வியே வராது. போன தடவை சொன்ன பதில்களை அப்படியே எடுத்துக்கொள் என்று கட்டளை போட்டால் போதும், மெஷின் கேட்காமலேயே பழைய N-ஐக் கொண்டுவந்து வைத்துவிடும். தப்பு யார்மேலும் இல்லை. படிக்கிற நீங்களும் "பாவம், தெரியாமல் நடந்தது" என்று விட்டுவிடுவீர்கள். முதலில் இப்படித்தான் எழுதினேன். நன்றாகவும் வந்தது.

இரண்டாவது விதத்தில் கேள்வி கண்ணெதிரே நிற்கும். அவள் அதைப் படிப்பாள். மகள் நாளைக்கு வருகிறாள், வந்து படம்தான் வரையப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் போய் N-ஐ அழுத்தும். ஒரு நொடிகூட நிற்காது. அவள் மனதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பூஜா இன்னும் டைப் அடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நடந்தது இரண்டாவதுதான். அவ்வளவு உறுதியாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா.

அன்று சாயங்காலம் கெர்னல் தயாராகிவிட்டது. வேலை முடிந்ததும் அடுப்பு மேடையைத் துடைத்துவிடுகிற ரகம் அவள். கட்டும்போது சேர்ந்த இடைக்காலக் கோப்புகளை எல்லாம் அழித்தாள். பழைய கெர்னல்களையும் இடம் அடைக்கிறது என்று தூக்கிப்போட்டாள்.*

* இந்த வரி ரொம்ப முக்கியம். அந்தக் கோப்புகள் இருந்திருந்தால் மறுநாள் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். அவளுடைய சுத்தம் அவள் காலை வாரிவிட்டது.

4

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு பூஜா வந்தாள். தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தாள். காலையிலேயே கிரிவலம் வருகிற கூட்டம் பாதையில் போய்க்கொண்டிருந்தது. வாசலில் கஸ்தூரி மோர்ப் பந்தல் போட்டிருந்தாள்.

"இன்னா பூஜா, மலை சுத்த வந்தியா, வீட்டுக்கு வந்தியா?"

"வீட்டுக்குத்தான்க்கா."

மாடியில் அருணாதேவிக்கு இது கேட்டது. கதவருகில் நின்றுகொண்டிருந்தவள், காத்திருந்தது தெரியக் கூடாது என்று சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள்.

இட்லி சாப்பிட்டார்கள். பூஜா கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டாள். அது சட்டென்று எழுந்து நின்றது. "ஏய், வேகமா இருக்கேம்மா" என்றாள்.

(இங்கேயே கதையை முடித்துவிடலாமா என்று ஒரு முறை யோசித்தேன். அருணாதேவிக்காக.)

பூஜா பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பலகையை எடுத்தாள். வயரைச் செருகினாள். பலகையின் ஓரத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. வேறு துளையில் செருகினாள். பேனாவை அதன்மேல் இழுத்துப் பார்த்தாள். திரையில் அம்பு அசையவில்லை.

"ம்மா, இதுக்கு ஒண்ணும் தெரியலையே."

அருணாதேவிக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"நான் N போட்டுட்டேன்," என்றாள்.

"எதுக்கு?"

"மறுபடியும் கட்டணும். மொத்தமா."

"எவ்ளோ நேரம்?"

"அஞ்சு மணி நேரம்."

ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கடைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். பௌர்ணமியன்று அந்தக் கடைகளில் தண்ணீர் பாட்டில் விற்பார்கள், செருப்பு பார்த்துக்கொள்வார்கள். தயாராகக் கிடைக்கிற வேறு கெர்னலை டவுன்லோடு செய்து ஓட்டலாமே என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அத்தனை லட்சம் பேர் போனோடு ஊருக்குள் இறங்கியிருக்கும்போது நெட் நகருமா? அருணாதேவி இரண்டையும் யோசித்துவிட்டு, பத்தரை மணிக்கு மறுபடி கட்ட ஆரம்பித்தாள். இந்தத் தடவை பென் டேப்லெட்டுக்கு Y.

5

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வருடம் பேசாததை ஐந்து மணி நேரத்தில் பேசித் தீர்ப்பார்கள் என்று எதிர்பார்த்து இந்தப் பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்கியிருந்தேன். அவர்கள் பேசவில்லை. என்னால் பேசவைக்கவும் முடியவில்லை.

பன்னிரண்டு மணிவாக்கில் பூஜா போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். முடிக்க வேண்டிய இரண்டில் ஒன்று, பாதியில் நின்றிருந்தது. ஓர் ஆட்டுக்குட்டி, பின்னால் ஒரு மலை.

அருணாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஊருக்குள்ளிருந்து பார்த்தால் மலை ஒரு மாதிரி இருக்கும், செங்கம் ரோட்டிலிருந்து வேறு மாதிரி. இந்த மலை அந்த இரண்டும் இல்லை.

"இது நம்ம மாடியிலேருந்து தெரியற மலையாச்சே."

"வேற மலை எனக்கு வரையத் தெரியாதும்மா. எந்த புக்கா இருந்தாலும் இதுதான் வருது. நீ பாக்கலையா? எல்லாத்தையும் உனக்கு அனுப்பினேனே."

கட்டைவிரல் போட்டதை எல்லாம் அருணாதேவியின் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பூஜா கேட்டாள். "எந்த எடத்துல N சொன்னே? காட்டேன்."

அருணாதேவி திரையிலேயே இன்னொரு ஜன்னலில் அந்தக் கேள்வியைத் திறந்து காட்டினாள். கேள்விக்குக் கீழே உதவிக் குறிப்பு இருந்தது. பூஜா கடைசி வரியைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"சந்தேகம் இருந்தாத்தானே N சொல்லச் சொல்றான். உனக்கு ஏதும்மா சந்தேகம்? உனக்கு எப்பவுமே சந்தேகம் வந்ததில்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

"போன்ல கேட்டிருக்கலாம்ல," என்றாள். "என்னென்ன எடுத்துட்டு வரேன்னு."

இரண்டே முக்காலுக்குக் கஸ்தூரி படியேறி வந்தாள். (M வேலை செய்தது.) "யக்கா, கூட்டம் ஜாஸ்தியாவுது. மூணு மணிக்கு மேல எதுத்தாப்ல ஒருத்தர் நடக்க முடியாது. பூஜா போறதா இருந்தா இப்பவே போவட்டும்."

பூஜா திரையைப் பார்த்தாள். வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"ம்மா, இது முடிஞ்சா கண்டிப்பா ஓடுமா? சொல்லு. ஓடும்னா இருக்கேன். ஓடலன்னா ராத்திரி பூரா வரைய எனக்கு வேற எடம் கெடைக்காது."

அருணாதேவி இருபத்தெட்டு வருடம் லேபில் இருந்தவள். கட்டிய கெர்னல் முதல் தடவையே சரியாக ஓடும் என்று அவள் எந்த மாணவனுக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

"சந்தேகம்தான்," என்றாள்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. "ஓடும், இரு" என்கிறாள் அருணாதேவி. மூன்று நாற்பதுக்கு மெஷின் மறுபடி எழுந்து நிற்கிறது, பலகையில் விளக்கு எரிகிறது, பூஜா ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு வரைய, பக்கத்தில் அருணாதேவி காபியோடு — இதை எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. மூன்றரைக்கு ஒரு பிழை வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. பூஜா கிளம்பிப்போனது நல்லதாகப் போயிற்று என்று அருணாதேவி தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். சௌகரியமான முடிவு. இதைத்தான் மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதில், மூன்று மணிக்குப் பூஜா பையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வருகிற கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நடந்து போகிறாள். மொட்டை மாடியிலிருந்து அருணாதேவி பார்க்கிறாள். அத்தனை பேரும் ஒரு பக்கமாக வர, ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் போனதால் வெகுதூரம் வரை அடையாளம் தெரிந்தது. மூன்று நாற்பதுக்கு மெஷின் வேலையை முடித்தது. ஒரு முறை நிறுத்தி மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். ஒரு பிழைகூட இல்லாமல் எழுந்து நின்றது.

மூன்றாவது நான் யோசித்த முடிவு அல்ல.

7

முதல் பகுதியில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டு வாக்கியங்களை இப்போது அடித்துவிடுங்கள். டீக்கடையும் இல்லை, கேள்விப்படவும் இல்லை.

அருணாதேவி பெண் அல்ல. அவள் ஓர் ஆண், ஐம்பத்தேழு வயது, அடி அண்ணாமலையில் மாடி வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையை அதே மெஷினில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறான். மகளுக்கும் பூஜா என்று பெயர் இல்லை. அம்மா என்று எழுதினால் யாரும் என்னைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? எங்கெல்லாம் "ம்மா" என்று வந்ததோ, அங்கெல்லாம் "ப்பா" என்று படித்துக்கொள்ளுங்கள். ஏதுப்பா சந்தேகம் என்று படித்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

கணவர் என்று N போட்டு ஒதுக்கியது என் மனைவியை. இறந்து ஒன்பது வருடம். அவளுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது. ஆனால் அன்று போனை அவள் எடுத்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்: என்னென்ன எடுத்துட்டு வரே கண்ணு, எங்க வைக்கணும்? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மகள் வேலூரில் உட்கார்ந்து இரண்டு படத்தையும் முடித்து அனுப்பிவிட்டாள். போன வாரம் புத்தகம் வெளிவந்ததாக அட்டைப் படத்தை அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன். எங்கள் மாடி மலை. கட்டைவிரல் போடப் போனேன், போடவில்லை. அப்புறம் பழையதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கு வருடத்தில் நூற்றுப் பதினேழு படம். முக்கால்வாசியில் அந்த மலை இருந்தது. ஒன்றில் மாடியில் துணி காயப்போடும் கொடியும் இருந்தது. தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சாப்பிடத் தோன்றவில்லை.

என் கெர்னலுக்கு இப்போது பென் டேப்லெட்டைத் தெரியும். M அல்ல, Y. தெரிந்து என்ன, செருக ஆள் இல்லை. தினமும் இதன் எதிரேதான் உட்கார்கிறேன். அவள் பலகையைச் செருகிப் பார்த்த இடது பக்கத் துளையில் எதையும் செருகுவதில்லை.

போனில் ஒரு செய்தி பாதி அடித்து வைத்திருக்கிறேன். மூன்று நாளாக அப்படியே இருக்கிறது.

"அடுத்த தடவை வரும்போது என்னென்ன எடுத்துட்டு வருவேன்னு சொல்லும்மா, நான்"

நான் என்ன? தயாராக வைக்கிறேன் என்று முடித்தால் வேலைக்காரன் சொன்ன மாதிரி இருக்கிறது. காத்திருக்கிறேன் என்றால் அவளுக்குப் பாரமாக இருக்கும். அந்த "நான்" வரைக்கும் அடித்தது போதும் என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், அவளையும் பார்த்துவிட்டீர்கள். என் விரலை நான் நம்பவில்லை, உங்களையே கேட்கிறேன்.

இதை அனுப்பவா?

Y அல்லது N. ஓரமாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கூப்பிடுகிற வசதி இதில் கிடையாது. உதவிக் குறிப்பையும் நான் எடுத்துவிட்டேன்.